ஓ.எஸ்.ஸுக்குப் பூ கேட்டோம்

அந்தா, அந்த மோட்டார் ரூம் சுவத்துல பச்சையா ஒரு பொட்டி தெரியுதுங்களா? போச்சு, பஸ்ஸு தாண்டிருச்சு. பரவால்லீங்க, புளியம்பட்டி போறதுக்குள்ள இன்னும் நாப்பது வரும். எல்லாம் எங்க கம்பெனிப் பொட்டிதானுங்க. தோட்டத்துக்காரரு ஊட்டுல உக்காந்துட்டு ஒரு மிஸ்டு கால் குடுத்தாருன்னா கெணத்து மோட்டார் ஓடும், இன்னொண்ணு குடுத்தா நிக்கும். பொட்டிக்குள்ள ஒரு சிம் கார்டு, ஒரு சிப்பு, அந்தச் சிப்புக்குள்ள ஒரு ஓ.எஸ். உங்க போனுக்குள்ள ஒண்ணு இருக்குதில்லீங்க, அதே சங்கதிதான், குட்டியா. அந்த ஓ.எஸ். எழுதுனது நானு. பேரு நாச்சி ஓ.எஸ். என்ற பேரு நாச்சிமுத்து, அதுல பாதி.

எழுதுனது நாந்தான். ஆனா இப்ப அந்தப் பொட்டிக்குள்ள ஓடறது அது இல்லீங்க. அது ஒரு பெரிய கதை. நீங்க எங்க எறங்கோணும்? சத்தியா? அப்ப நேரம் இருக்குது. இதுவரைக்கும் நான் யாருகிட்டயும் சொன்னதில்ல, என்ற சம்சாரத்துகிட்டக்கூட. உங்ககிட்டச் சொல்லலாம், நீங்க சத்தியில எறங்கி உங்க வேலையப் பாத்துட்டுப் போயிருவீங்க.

பதினோரு வருசமுங்க. எங்க முதலாளி சென்னியப்பண்ணன் அப்ப கோயமுத்தூரு கணபதியில ஒரு தகர ஷெட்டுல வெறும் ஸ்டார்ட்டர் பொட்டிதான் பண்ணீட்டு இருந்தாரு. அதுக்குள்ள சிம் வெக்கலாம்னு சொன்னவன் நானு. புஸ்தகம் பாத்து, சிப்பு வாங்கி, நானாவே உக்காந்து எழுதுனேன். யாருகிட்டயும் போயி நிக்கல. நாச்சி ஓ.எஸ். எப்படின்னா, உள்ள ஒரே ஒரு ஆளு. அவன் ரவுண்டு போயிட்டே இருப்பான். மூணு பேஸ் கரண்டும் வருதான்னு பாப்பான், போன் வந்துச்சான்னு பாப்பான், கெணத்துல தண்ணி இருக்குதான்னு பாப்பான், மறுபடி மொதல்ல இருந்து. அவ்வளவுதான். சுத்தமான வேலை.

என்ன, சில நேரம் சிக்னல் இழுத்துச்சுன்னா சிம் கார்டுகிட்டப் போயி நின்னுக்குவான். ரவுண்டு நின்னு போகும். அந்தச் சமயம் பாத்துத் தோட்டத்துக்காரரு மோட்டார நிறுத்தப் போன் அடிச்சா நிக்காது. நிக்காட்டி என்னங்க? எனக்குப் போன் பண்ணுவாங்க. பீஸ் கட்டையப் புடுங்குங்க, இருபது எண்ணுங்க, மறுபடி போடுங்கன்னு சொல்லுவேன். சரியாப் போயிரும். எந்த வியாதியா இருந்தாலும் இருபது எண்ணுனா தீந்து போற ஓ.எஸ். வேற எங்கயாச்சும் இருக்குதுங்களா? எட்டாயிரம் தோட்டத்துக்காரங்ககிட்ட என்ற நெம்பர் இருந்துச்சு. ஓ.எஸ். எழுதுனவன் எவன் அவனே போன் எடுத்துப் பேசறான், சொல்லுங்க பாக்கலாம். பதினோரு வருசத்துல ஒரு கல்யாணப் பந்தியிலயும் நான் பாயசம் வரைக்கும் உக்காந்ததில்ல. அப்படி ஒரு மரியாதை.

அப்பறம் புது மாடல் பண்ணோணும்னு வந்துச்சு. மிஸ்டு கால் மட்டும் பத்தாது, போன்ல ஆப்பு வேணும், எத்தன மணிக்கு ஓடுச்சு எவ்வளவு தண்ணி வந்துச்சுன்னு பாக்கோணும்னு இந்தக் காலத்துத் தோட்டத்துக்காரங்க கேக்கறாங்க. இன்னொண்ணு, பொட்டிக்குள்ள புரோகிராம் மாத்தோணும்னா எங்க ஆளுங்க ரெண்டு பேரு லேப்டாப்பக் கட்டிட்டு வண்டியில தோட்டம் தோட்டமாப் போவாங்க. நாயி தொரத்தும். அதுக்குப் பதிலா ஆபீஸ்ல இருந்தபடியே எல்லாப் பொட்டிக்கும் அனுப்போணும்னாரு முதலாளி. அதுக்கு எந்த ஓ.எஸ்.ஸப் போடறதுன்னு ஒரு மீட்டிங் போட்டாரு. நாச்சி ஓ.எஸ். இருக்கறப்ப அப்படி ஒரு கேள்வி எப்படி வருதுன்னு எனக்குப் புரியல. இருந்தாலும் போயி உக்காந்தேன்.

லினக்ஸ் போடலாமான்னு முதலாளியே எங்கயோ கேட்டுட்டு வந்து கேட்டாரு. அது நல்லதுதாங்க, ஆனா அதுக்குப் பெரிய சிப்பு வேணும், இந்தப் பொட்டிக்குத் தாங்காது. அது மொத நாளே போச்சு. ரெண்டாவது ஒண்ணுதான் எனக்கு வில்லங்கம். சின்னச் சிப்புக்குன்னே ஒரு ஓ.எஸ்., ஒலகத்துல எங்கெங்கயோ இருக்கறவங்க சேந்து எழுதி, யாரு வேணா எடுத்துக்கங்கன்னு நெட்டுல போட்டு வெச்சிருக்கறது. அதக் கொண்டு வந்தவ மதிவதனின்னு ஒரு புள்ள. அருப்புக்கோட்டைப் பக்கம். வேலைக்கு வந்து ரெண்டு வருசம், எனக்குக் கீழதான். நல்ல புள்ளதாங்க, ஆனா சாமி நம்பிக்கை சுத்தமாக் கெடையாது. கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனா வெளியில நின்னு போனப் பாத்துட்டு இருக்கும்.

அந்த ஓ.எஸ்.ல ஒரே ஆளு ரவுண்டு போறதில்லையாமா. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஆளாமா. அதுல மோட்டார நிறுத்தற ஆளுதான் பெரிய ஆளு, அவன் வந்தா மத்தவன் எல்லாம் அப்படியே ஒதுங்கி வழி விட்ருவானாமா. சிம் கார்டுக்காரன் சிக்னலுக்காகக் காத்துட்டுக் கெடந்தாலும் மோட்டார் டக்குனு நின்னுருமாமா. போர்டுல படம் போட்டு வெளக்குச்சு. இத்தினியூண்டு சிப்புக்குள்ள இத்தன பேரு எதுக்கு, சண்டை வராதான்னு நான் கேட்டேன். வராது சார், அதப் பாக்கறதுதான் ஓ.எஸ்.ஸோட வேலைன்னு சொல்லுச்சு. முதலாளி சிரிச்சுப்போட்டாரு. எனக்கு மூக்கு உடைஞ்ச மாதிரி ஆயிப்போச்சுங்க.

அதோட விடல. நாச்சி ஓ.எஸ். புரோகிராமத் தொறந்து எல்லார் முன்னாலயும் ஸ்கிரீன்ல போட்டுக் காட்டுச்சு. நான் அங்கங்க குறிப்பு எழுதி வெச்சிருப்பேன். ‘இதைத் தொடாதே’ன்னு முப்பத்தி ஒரு எடத்துல இருக்குதுன்னு எண்ணிச் சொல்லுச்சு. இன்னொரு எடத்துல ‘இது ஏன் ஓடுதுன்னு தெரியல, ஆனா ஓடுது’ன்னு இருந்துச்சு. ஆமாங்க, நான் உள்ளத உள்ளபடி எழுதற ஆளு. என்னத் தவர வேற யாராலயும் படிக்க முடியாதுன்னு ஒரு கொறையாட்டச் சொல்லுச்சு. நான் அதப் பாதுகாப்புன்னு நெனச்சுட்டு இருந்தேன். அப்பறம்தான் அந்தக் கேள்வியக் கேட்டுச்சு.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு நீங்க இல்லைன்னா இத யாரு பாப்பா?”

நான் செத்துப் போறதப் பத்தி மீட்டிங்ல பேசறாங்க பாருங்க. சென்னியப்பண்ணன் என்ற முதுகத் தட்டி, இருப்பாப்ல இருப்பாப்லன்னாரு. எனக்கு அன்னிக்குச் சோறு எறங்கல.

இப்படியே மூணு மாசம் ஓடுச்சு. நான் ஒரு பக்கம் இழுக்கறேன், அது ஒரு பக்கம் இழுக்குது. முதலாளிக்கு அந்தப் புள்ள சொல்றது நாயம்னு படுது, ஆனா பதினோரு வருசமாக் கூட இருந்தவன் மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றதுன்னு தெரியல. கடைசியில ஒரு நாள் வந்து, நாச்சி, வர்ற வெள்ளிக்கிழமை அம்மன்கிட்டப் பூ கேட்டுருவோம்னுட்டாரு.

உங்க பக்கம் அது உண்டான்னு தெரியல. எங்க பக்கம் ஒரு நல்ல காரியம் பண்றதா வேண்டாமான்னு முடிவு தெரியலைன்னா குலதெய்வத்துகிட்டப் போயி பூ கேப்பாங்க. செவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், ஒரே மாதிரி மடிச்சு அம்மன் பாதத்துல வெச்சு, பூசாரி கண்ண மூடி ஒண்ண எடுப்பாரு. எந்தப் பூ வருதோ அதுதான் உத்தரவு. சென்னியப்பண்ணன் எடம் வாங்கறது, போர் போடறது, பொண்ணு கல்யாணம், எல்லாம் பூ கேட்டுத்தான். கம்பெனிக்கு லேத்து வாங்குனதுகூட அப்படித்தான். ஆனா ஓ.எஸ்.ஸுக்குப் பூ கேட்டது எனக்குத் தெரிஞ்சு நாங்க மட்டும்தானுங்க. வெள்ளை வந்தா நாச்சி, செவப்பு வந்தா அந்தப் புள்ள சொல்றது. அதுகிட்டச் சொன்னப்ப, பூவா சார்னு ஒரே ஒரு தடவ கேட்டுச்சு.

நான் சயின்ஸ் படிச்சவனுங்க. எனக்கு இதுல எல்லாம் அப்ப நம்பிக்கை இல்ல. இருந்தாலும் பதினோரு வருசத்து வேலைய ஒரு பொட்டலத்த நம்பி விட முடியுமா, நீங்களே சொல்லுங்க. வெள்ளிக்கிழமை மூணு பேரும் கார்ல கோயிலுக்குப் போனதும், பொட்டலம் மடிக்கற வேலைய முதலாளி என்றகிட்டத்தான் குடுத்தாரு, சீனியர்னு. கோயிலுக்குப் பக்கத்துலயே அரளிச் செடி, செவப்பும் இருக்குது வெள்ளையும் இருக்குது. காருக்குப் பின்னால போயி நின்னு மடிச்சேன். ரெண்டுலயும் வெள்ளை வெச்சேன்.

சிரிக்காதீங்க. எங்க தொழில்ல இதுக்குப் பேரு பேக்கப்பு. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கோணும்.

தட்டுல ரெண்டு பொட்டலத்தையும் வெச்சுத் தூக்கிட்டு வாசப்படி ஏறறேன், போன் அடிக்குது. பாத்தா மயிலாத்தாக்கா. அவங்களுக்குத் தோட்டம் புளியம்பட்டிக்கு அக்கட்டால. மோட்டார் நிக்க மாட்டீங்குது தம்பி, மஞ்சக் காடு பூரா தண்ணி நிக்குதுங்கறாங்க. கோயிலுக்குள்ள சிக்னல் இல்ல. முதலாளி பிரகாரம் சுத்தீட்டு இருந்தாரு. தட்ட அந்தப் புள்ள கையில குடுத்துட்டு ரோட்டுக்கு ஓடுனேன். பீஸப் புடுங்கச் சொல்லி, இருபது எண்ணச் சொல்லி. அந்த அக்கா எண்ணறது மெதுவா எண்ணுவாங்க, நடுவுல மருமகளையும் வெய்வாங்க. கால் மணி நேரம் ஆயிப்போச்சு.

திரும்பி வந்தா அந்தப் புள்ள நான் விட்ட தட்டோட அரளிச் செடிகிட்ட நெழலுக்கு நின்னுட்டு இருக்குது. கையில ஏதோ செடிப் பாலு ஒட்டியிருக்கும்போல, துப்பட்டாவுல தொடச்சுட்டு இருந்துச்சு. பொட்டலம் ரெண்டும் அப்படியே இருக்குது. மயிலாத்தாக்கா பொட்டிதான சார்னு கேட்டுச்சு. ஆமான்னேன்.

பூசாரி தீவாரணை காட்டி, கண்ண மூடி, ஒண்ண எடுத்துப் பிரிச்சாரு. நான் முதலாளி மூஞ்சியப் பாத்துட்டு இருக்கேன், எனக்குத்தான் தெரியுமே என்ன வரும்னு. முதலாளி கையெடுத்துக் கும்புடறாரு. திரும்பிப் பாத்தா, பூசாரி கையில செவப்பு.

நான் வெச்சது வெள்ளை. இந்தக் கையாலதான் வெச்சேன். வெளியில சொல்லவும் முடியாது, சொன்னா நான் பண்ணுன காரியம் வெளிய வந்துரும். எல்லாரும் விபூதி வாங்கப் போனதும் மிச்சம் கெடந்த பொட்டலத்தத் திருட்டுத்தனமாப் பிரிச்சுப் பாத்தேன். அதுல வெள்ளை. நான் வெச்ச அதே வெள்ளை.

இப்பச் சொல்லுங்க, சாமி இல்லைம்பீங்களா? நானும் யோசிச்சுப் பாத்தேன், யாராச்சும் கைய வெச்சிருப்பாங்களான்னு. அப்படி மனுசன் கைய வெச்சிருந்தா ரெண்டையும் செவப்பா மாத்தியிருப்பான். நானா இருந்தா அப்படித்தான் பண்ணீருப்பேன். அம்மன் ஒண்ண மட்டும் மாத்தியிருக்கா. உனக்குப் பாதி, அந்தப் புள்ளைக்குப் பாதி, அப்பறம் உங்க அதிர்ஷ்டம்னு. அத்தன நாயம் மனுசனுக்கு வராதுங்க. அன்னிக்கு விழுந்து கும்பிட்டவன்தான், இன்னிக்கு வரைக்கும் வெள்ளிக்கிழமை தப்பறதில்ல.

என்ன கேட்டீங்க? தட்டா? அதான் சொன்னேன்ல, அந்தப் புள்ள கையில இருந்துச்சு. அதுக்குத்தான் நம்பிக்கையே கெடையாதே. பூ எதுக்கு வெக்கறாங்கன்னே அதுக்குத் தெரியாது.

வருத்தம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். அன்னிக்குப் பொழுதோட ஊட்டுக்குப் போயி நாச்சி ஓ.எஸ்.ஸத் தொறந்து வெச்சுட்டு மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் படிச்சேன். அழுகை வந்துருச்சுங்க. சம்சாரம் யாரு செத்துப் போனாங்கன்னு கேட்டா. யாரும் இல்லைன்னு சொல்லீட்டு முகம் கழுவப் போயிட்டேன். ஆனா சாமி உத்தரவு. மீற முடியாது. திங்கக்கெழமை அந்தப் புள்ளைக்குப் பக்கத்துல சேரப் போட்டு உக்காந்து, சொல்லிக் குடு சாமின்னேன்.

பொறுமையாத்தான் சொல்லிக் குடுத்துச்சு. எனக்கும் சிலது சொல்றதுக்கு இருந்துச்சு. கரண்டு போயி வந்தா ஒரு லைன்ல இருக்கற அத்தன மோட்டாரும் ஒரே நேரத்துல ஓடப் பாக்கும், லைன் டிரிப்பாயிரும். அதுக்குப் பொட்டிக்குப் பொட்டி கொஞ்ச நேரம் தள்ளித் தள்ளி ஓட்டறதுக்கு நான் ஒரு கணக்கு எழுதி வெச்சிருந்தேன். ஒலகத்துக்காரன் எழுதுனதுல அது எங்க இருக்கும்? அவனுக்குப் புளியம்பட்டி லைனத் தெரியுமா? அந்தப் புள்ள அத அப்படியே எடுத்துப் புதுசுல சேத்துச்சு. மேல ஒரு குறிப்பு எழுதுச்சு, ‘நாச்சிமுத்து சார் எழுதியது. இதைத் தொடாதே.’ எனக்குக் காட்டல, நானாப் பாத்தேன். பாத்துட்டு டீ குடிக்கப் போறேன்னு எந்திரிச்சு வெளியில போயிட்டேன்.

ஒரு வருசத்துல அத்தன பழைய பொட்டியவும் மாத்தியாச்சு. இப்ப என்ற போன் அடிக்கறதே இல்லீங்க. மொத ஒரு வாரம் போன்தான் கெட்டுப் போச்சுன்னு நெனச்சுக் கடையில குடுத்துப் பாத்தேன். பொறுக்க முடியாம மயிலாத்தாக்காவுக்கு நானே போன் பண்ணி, பொட்டி எப்படி இருக்குதுங்க்கா, நிக்காம ஓடுச்சுன்னாச் சொல்லுங்கன்னேன். அந்த அக்கா, அது நல்லா இருக்குது தம்பி, உனக்கு ஒடம்புக்கு ஏதாச்சுமாங்கறாங்க. போன மாசம் என்ற மச்சான் பையன் கல்யாணத்துல பந்தியில கடைசி வரைக்கும் உக்காந்து ரெண்டு கிளாஸ் பாயசம் குடிச்சேன். என்ற பக்கத்துல உக்காந்திருந்தவங்க எல்லாம் எந்திரிச்சுப் போயிட்டாங்க.

இப்ப எங்க போறேன்னு கேட்டீங்கல்ல, அந்த அம்மன் கோயிலுக்குத்தான் போறேன். மலுமிச்சம்பட்டியில புதுசா ஒரு யூனிட் போடறோம். அதுக்கு யாரு பெரிய ஆளுன்னு முதலாளிக்குக் கொழப்பம். நானா, மதிவதனியா. சீனியர் நானு, ஆனா வேலை அதுதான் பாக்குது. சொல்லவும் மனசில்ல, சொல்லாம இருக்கவும் முடியல. வழக்கம்போலத்தான், பூ கேக்கலாம்னுட்டாரு. வெள்ளை வந்தா நானு, செவப்பு வந்தா அது. அவங்க ரெண்டு பேரும் கார்ல முன்னால போயிட்டாங்க. எனக்கு மார்க்கெட்டுல ஒரு வேலை இருக்குது, பஸ்ஸுல வந்தர்றேன்னு சொன்னேன். பொட்டலம் மடிக்கறது நான்தான, அதுக்குத் தனியா நேரம் வேணும்ல.

மடிச்சாச்சுங்க. இந்தா, சட்டைப் பையில. ரெண்டுலயும் செவப்பு.

அப்படிப் பாக்காதீங்க. அந்தப் புள்ளைக்காகன்னு நெனச்சுறாதீங்க, எனக்கு இந்த வயசுல எதுக்கு யூனிட்டும் தலைவலியும். சரி, கொஞ்சம் அதுக்காகவுந்தான். நான் வாயத் தொறந்து அதுக்கே குடுத்துருங்கன்னு சொன்னா, முதலாளி நான் கோவத்துல சொல்றேன்னு நெனப்பாரு. அந்தப் புள்ளையும் சங்கடப்படும். அம்மன் குடுத்ததுன்னா யாரும் பேச முடியாது. ரெண்டுமே செவப்பா இருந்தா அவளுக்கும் வேலை மிச்சம்.

வெள்ளை வந்தாவா? எப்படிங்க வரும், நான் வெக்கவே இல்லையே. ஆமா, போன தடவயும் நான் வெக்காததுதான் வந்துச்சு. அம்மன் மறுபடி ஒண்ண மாத்துனா அப்பறம் அவ பாடு, அதுல நான் கைய வெக்க மாட்டேன். மனுசங்க யாரும் கைய வெக்காம இருந்தாச் சரி. அதுக்கும் ஏற்பாடு பண்ணீட்டேன். தட்ட மதிவதனியே எடுத்துட்டு வரட்டும்னு முதலாளிகிட்ட நேத்தே சொல்லிப்போட்டேன். பூசாரி வர்ற வரைக்கும் அது அந்த அரளிச் செடிகிட்ட நிக்கட்டும். நம்பிக்கை இருக்கறவங்க கையிலதான் பயம், அந்தப் புள்ள பிரிச்சுக்கூடப் பாக்காதுங்க. ஸ்டாப் வந்துருச்சு, வர்றனுங்க.